மஞ்சள் குங்குமம் வைத்த குறியீடு

கடையைப் பூட்டினால் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது சுமைராவின் வழக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அவள், ஆமத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்துப் பத்து வருஷமாகிறது. அதிகம் பேசமாட்டாள், எதையும் கவனிக்காமலும் விடமாட்டாள்.

அவள் பதிவு செய்து வைத்திருந்த ஓர் இணையதளப் பெயரை, தீபாவளி சீசனுக்காகத் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்காரர் சங்கிலிமுத்து வாங்கினார். பணம் வந்ததும், பெயர் வேறு கணக்குக்குப் போகாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை அவருக்கு மட்டும் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே குறியீடு! தாளில் எழுதி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பார்க்கிற எவனும் பெயரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

போனில் அவரைக் கூப்பிட்ட சுமைராவின் குரல் முதல்முறையாகத் தெருவுக்கே கேட்டது.

“அண்ணாச்சி, அத உடனே அழிங்க! குடோன் சாவிய வாசல்ல தொங்க விடுவீகளா?”

“நல்ல காரியம்மா, நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?”

“பேரு உங்க கைக்கு வந்த பொறவு ஊருக்கே காட்டுங்க!”

பேசிக்கொண்டே பெயரைப் பூட்டினாள். புதுக் குறியீடு எடுத்ததும் பழையது செல்லாமல் போனது. அடுத்த பஸ்ஸில் தாயில்பட்டிக்குப் போய், மறுபடி பூட்டைத் திறந்து, பக்கத்திலேயே நின்று புதுக் குறியீட்டை அவர் கையாலேயே பதிய வைத்தாள். ஐந்தாம் நாள் பெயர் அவர் கைக்கு மாறியது.

இன்றைக்கு அந்தப் பெயர் சங்கிலிமுத்துவின் கணக்கில், பூட்டுப் போட்டபடி இருக்கிறது.