மருந்து: இல்லை

பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்கா. பெரிய டாக்டர் மட்டும் 'ஏம்மா' என்பார். கணவன் அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்து செத்துப்போனதால், முப்பத்தாறாவது வயதில் அவளுக்குக் கொடுத்த வேலை அது. குறையோடு பிறக்கும் குழந்தைகளை எண்ணும் வேலை. உதடு பிளந்தது, பாதம் உள்ளே திரும்பியது, இதயத்தில் ஓட்டை, முதுகுத்தண்டு மூடாதது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உயிரோடு பிறந்ததா செத்துப் பிறந்ததா என்பதற்குத் தனிக் கட்டம். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, பத்தாயிரம் பிரசவத்துக்கு எத்தனை என்று வகுத்துக் கொடுப்பாள். எது கூடியது, எது குறைந்தது, ஏன் என்று பெரிய டாக்டர் அறிக்கை எழுதுவார். 'ஏன்' என்கிற இடத்தில் பதினொரு வருடமாக ஒரே வரிதான். காரணம் தெரியவில்லை.

அவளுடைய அறை சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. ரத்தமும் பினாயிலும் ஊறிய துணிகள் கதவுக்கு வெளியே குவிந்து கிடக்கும். சுவரோர அலமாரியில், கண்ணாடி ஜாடிகளில், மருந்துத் தண்ணீருக்குள் குழந்தைகள். அந்த அலமாரியின் மேல்தட்டில்தான் நர்ஸுகள் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். முதல் மாதம் குமட்டியது. பிறகு அவளும் தன் டம்ளரை அங்கேயே கவிழ்த்தாள்.

குழந்தைகளைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்ததே இல்லை. சுற்றி நிற்கிறவர்கள் வாயைத் திறந்தால் வந்துவிடும். குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் இப்படிக் கிடையாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிற அப்பன்கள். போனில் படம் பிடித்துப் பக்கத்து வார்டில் காட்டிவிட்டு வருகிற ஆயாக்கள். அரிய கேஸ் என்று சொல்லும்போது எச்சில் ஊறுகிற டாக்டர் படிப்புக்காரர்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அழுக்கு என்னவோ காது வழியாகத்தான் போயிருக்கும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று பக்க ஃபாரம். தாயின் படுக்கையருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டு எழுத வேண்டும். முதல் மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா, சர்க்கரை உண்டா, கணவன் சொந்தமா அந்நியமா, அவனுக்கு என்ன வேலை, சத்து மாத்திரை எப்போது தொடங்கினாய், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா. படுத்திருக்கிறவள் பதில் சொல்வது அபூர்வம். பக்கத்தில் மாமியார் இருப்பாள், அவளே எல்லாம் சொல்லிவிடுவாள், மருமகளுக்கு எந்தத் தேதியில் நாள் தள்ளியது என்பதுவரை. வேறு மருந்து என்றதும் மட்டும் அந்த மாமியார்களின் முகம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகும். நோய் நொடி இல்லாத பெண்ணாகப் பார்த்துத்தானே எடுத்தோம், அவளுக்கு எதற்கு மருந்து என்பார்கள். ரிஜிஸ்டர் அக்கா 'இல்லை' என்று எழுதுவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அந்தப் புதன்கிழமை ஏழாம் படுக்கைக்காரிக்கு முதுகு திறந்த பெண் குழந்தை. மாமியார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, மருந்துக்கு 'இல்லை'யும் எழுத வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். ரிஜிஸ்டர் அக்கா பேனாவை மூடினாள். படுத்திருந்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடறேன். தினம் ரெண்டு. அதனாலயா இப்படி?"

"என்ன மாத்திரை?"

"பேர் தெரியல. நீளமா, ஊதா கலர்ல இருக்கும். எங்கம்மா மாசாமாசம் வாங்கி, சத்து மாத்திரை டப்பால போட்டுக் குடுப்பாங்க. இங்க யாருக்கும் தெரியாது. எழுதிடாதீங்கக்கா."

மாமியார் பாட்டிலோடு திரும்பி வந்தாள். மருமகள் கையை எடுத்துக்கொண்டாள்.

ரிஜிஸ்டர் அக்கா ஃபாரத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த ஊதா மாத்திரையை அவளுக்குத் தெரியும். அதே ஆஸ்பத்திரி வளாகத்து மருந்து ஜன்னலில் மாதாமாதம் நின்று அவளும் வாங்குகிறாள், பதினான்கு மாதங்களுக்கு முன் கல்யாணமாகிப் போன மகளுக்கு. டப்பாவை மாற்றுகிற தந்திரத்தையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அது தன் மூளையில் மட்டும் உதித்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. மாத்திரை தொடங்கியதும் வருடத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. சம்பந்தம் பேசிய அன்று, பெண்ணுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். தலைவலிகூட வந்ததில்லை என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அவளுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. இந்த வருடம் ஃபாரத்தோடு வந்த புதுக் கையேட்டில், சந்தேகப்பட வேண்டிய மருந்துகள் என்ற பட்டியலில் அந்த மாத்திரை முதல் வரியிலேயே இருந்தது. படித்த அன்றே தன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாள். பதினொரு வருடத்தில் ஒரு ஃபாரத்தில்கூட அந்த மருந்து வரவில்லை. நம் ஆட்களுக்கு அது ஒன்றும் செய்யாது போலிருக்கிறது என்று சமாதானமானாள். தான் எழுதிய 'இல்லை'களைத் தானே நம்பினாள்.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிடமே மகளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எண்ணப் போனாள். எண்ணினால் பயம் பொய் என்று ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை.

கடைசி நான்கு வருடத்தில் முதுகு திறந்து பிறந்தவை பத்தொன்பது. ஃபாரங்களைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்தில் இருந்த வலிப்புப் பிரிவுக்குப் போய், அங்கிருந்த புத்தகத்தோடு ஒப்பிட்டாள். முதலில் ஒரு பெயரும் பொருந்தவில்லை. பிறகுதான் புரிந்தது. அந்தப் புத்தகத்தில் இவர்கள் யாருடைய மனைவியும் இல்லை. எல்லோரும் அப்பன் பெயரோடு, தாய்வீட்டு விலாசத்தோடு, 'திருமணம்: ஆகவில்லை' என்று இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய சீட்டைக் காட்டி அம்மாக்காரிகள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஃபாரத்தில் இருந்த தாய்வீட்டுத் தெருவையும் வயதையும் வைத்து ஒவ்வொருத்தியாகத் தேடினாள். புதன் மதியம் தொடங்கியது வியாழன் சாயங்காலம் முடிந்தது.

ஐந்து பேர்.

நூறு கர்ப்பிணிகளில் வலிப்பு உள்ளவள் ஒருத்தி இருந்தாலே அதிகம். அந்தக் கணக்குக்குப் பத்தொன்பதில் ஒருத்தியும் வரக் கூடாது. ஐந்து ஃபாரங்களையும் மேஜையில் பரப்பினாள். ஐந்திலும் அதே கட்டத்தில் முத்து முத்தான 'இல்லை'. எச்சில் பட்ட காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வலிப்புப் புத்தகத்தில் இன்னும் நான்கு பக்கம் தள்ளி மகளின் பெயரும் இருந்தது. திருமணம்: ஆகவில்லை.

வெள்ளி காலையில் வலிப்பு டாக்டரைப் பார்த்து, தெரிந்த பெண் ஒருத்திக்காக என்று சொல்லிக் கேட்டாள். இளவயசுக்காரர், எரிந்து விழுந்தார். கல்யாணம் நிச்சயமானதும் வா, மாத்திரையை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லித்தான் அனுப்புகிறாராம். ஒருத்தியும் வருவதில்லையாம். ஜன்னலில் நிற்கிற கிழவிகளில் யார் யாருக்கு அம்மா என்று அவர் எங்கே போய்த் தேடுவது? அந்தப் பெண் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து, நாளை காலை எட்டரைக்கு அழைத்து வாருங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். கிழவி என்ற சொல் உறைத்தது. கோபப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்பதும் உறைத்தது.

பிறகு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். மேஜையில் அந்த வருடத்து அறிக்கை இருந்தது. அதன்மேல் ஆரஞ்சுப் பழத் தோல். அவள் ஐந்து ஃபாரங்களையும் வைத்து, என்ன நடந்தது என்று சொல்லி, திருத்தி எழுத வேண்டும் என்றாள்.

"ஏம்மா, அனுப்பி முடிச்ச ஃபாரத்த யாராவது திறப்பாங்களா?"

"அதுல இல்லைனு எழுதினது தப்பு சார்."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப விடுங்க. உங்க தப்ப நான் பெருசு பண்ண மாட்டேன்."

பெருந்தன்மையோடு சிரித்து, புதிதாக வந்திருந்த ஏழாம் படுக்கைக்காரியின் ஃபாரத்திலும் அப்படியே கையெழுத்துப் போட்டார். தான் உரித்த பழத்தில் பாதியை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து குப்பைக் கூடையில் போட்டாள். அவருடைய விரல் ஈரம் தன் விரலில் ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம்தான் மகளுக்குப் போன் செய்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. பதினோரு நாள் தள்ளிப் போயிருக்கு. அத்தைகிட்ட இன்னும் சொல்லல."

அவள் விரல் விட்டு எண்ணினாள். நாள் தள்ளி இரண்டு வாரம் ஆவதற்குள் முதுகுத்தண்டு மூட வேண்டியது மூடிவிடும், இல்லையென்றால் இல்லை. கையேட்டில் அதுவும் இருந்தது. மிச்சம் மூன்று நாள். புதன்கிழமையே கூப்பிட்டிருந்தால் ஐந்து நாள் இருந்திருக்கும். மாத்திரையை நிறுத்தாதே, நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்று சொன்னாள். மகள் குரலைத் தாழ்த்தினாள். அத்தை கூடவே வருவார்களே, எல்லாம் வெளியே வந்துவிடுமே, குழந்தை நல்லபடியாகத் தங்கட்டும், ரெண்டு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றாள். பூசி மெழுகுகிற அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். சம்பந்தியம்மாளுக்குத் தையல் வேலை. முன்னறையில் மெஷின், வெட்டிப் போட்ட பள்ளிக்கூட யூனிபார்ம் துணிகள், கழுத்தில் தொங்கும் டேப். மருமகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மகள் சமையலறை வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ரிஜிஸ்டர் அக்கா உட்காரவில்லை. வலிப்பு, மாத்திரை, டப்பா, சம்பந்தம் பேசிய அன்று சொன்ன பொய், பதினோரு நாள் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

சம்பந்தியம்மாள் காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்தாள். மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"குழந்தைக்கு என்ன ஆகும்?"

"முதுகு மூடாம பிறக்கறது நூத்துல ஒண்ணோ ரெண்டோ. வேற குறைங்களும் வரலாம். பதினெட்டாவது வாரம் ஸ்கேன்ல பெரும்பாலும் தெரிஞ்சிடும்."

"நூத்துல ஒண்ணோ ரெண்டோ." சொல்லிப் பார்ப்பதுபோல் சொன்னாள். "உங்க ஆஸ்பத்திரில இந்த மாதிரி மருந்து சாப்பிட்டீங்களான்னு நீங்கதானே கேட்டு எழுதுறது?"

"ஆமா."

"யார்கிட்ட கேப்பீங்க?"

"பக்கத்துல மாமியார் இருப்பாங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா நானும் இல்லைனுதான் சொல்லிருப்பேன் சம்பந்தி." குரல் உயரவில்லை. "அந்தப் பொண்ணுங்களத் தனியா கேக்கணும்னு உங்களுக்கு ஒருநாளும் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"கேட்டா சொல்லிடுவாங்கன்னு இருந்தது."

சம்பந்தியம்மாள் முகம் சுளித்தாள். பல்லியைப் பார்த்ததுபோன்ற ஒரு சுளிப்பு, அடுத்த நிமிடம் அடக்கிக்கொண்டாள். டாக்டரின் பெயரும் நேரமும் கேட்டாள். துணி வெட்டும் சாக்கட்டியால் மேஜைமேல் எட்டரை என்று குறித்துக்கொண்டாள்.

"நானும் என் பையனும் கூட்டிட்டுப் போறோம். நீங்க வர வேண்டாம். இனிமே மாத்திரையும் நாங்களே வாங்கிக்கறோம்."

மகள் உள்ளே போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தமும் அவள் வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டன. மசக்கையோ பயமோ தெரியவில்லை. சம்பந்தியம்மாள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். மருமகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி, ஒண்ணும் இல்ல, எடு, எடுத்துடு என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. போய் நிற்கலாமா என்று ரிஜிஸ்டர் அக்கா ஓர் அடி வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பொண்ணைப் பார்க்க வந்தீங்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சிரித்தாள். நல்லவேளை, சம்பந்தி சத்தம் போடவில்லை, இவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்தாள். தெருமுனை திரும்பியபோதுதான், அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும் மனதில் முதலில் வந்த நினைப்பு அதுதான் என்பது அவளுக்கு உறைத்தது. ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள். வாயில் எதுவும் இல்லை.