கிளட்ச் மிதியின் ரப்பர்

யுத்தம் முடிந்த வருஷம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த காரை மறுபடி ஓடவைக்க அத்தை தீர்மானித்தாள். அது அவள் கணவர், எங்கள் அத்திம்பேரின் கார். ரங்கூனில் உத்தியோகம் என்று கப்பலேறியபோது அத்தையையும் காரையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட மாதத்தோடு கடிதங்கள் நின்றன. பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் வந்துசேர்ந்துவிட்டார்கள், அவர் வரவில்லை. "வந்ததும் முதல்ல காரைத்தான் கேப்பார்" என்று சொல்லிக்கொண்டே அத்தை தினமும் அதன் தூசியைத் துடைப்பாள்.

பெட்ரோல் இல்லாமல் நின்றே எஞ்சின் துருவேறி இறுகிப்போயிருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. கார்களைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். கட்சி மட்டும் பலமாக இருந்தது. அத்தை வாதம் பண்ணவில்லை. ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாயை வரவழைத்துவிட்டாள்.

மரத்தில் மோதி நொறுங்கிய இதே ரகக் கார் ஒன்றின் எஞ்சினை பாய் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மூன்று சவுக்குக் கம்பங்களைச் சேர்த்துக் கட்டி, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, எங்கள் எஞ்சினை வெளியே தூக்கினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொட்டகைக்கு ஓடிவிடுவேன். வெடித்த தண்ணீர்க் குழாய்கள், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள், கிளட்ச் பிளேட் என்று தேய்ந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே சேர்ந்தது.

"இப்பவே மாத்திக்கினா ஒரே வேலைம்மா. அப்பால தேஞ்சி போச்சின்னா மறுக்கா எஞ்சினத் தூக்கணும்" என்றார் பாய். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசியில் அவர் கிளட்ச் மிதியின் ரப்பரைக் கழற்றப் போனார். வரிகளெல்லாம் அழிந்து, ஓர் ஓரம் மட்டும் அத்திம்பேர் பாதத்தின் சாய்வில் குழிந்திருந்தது.

"அதை விட்டுடுங்கோ பாய்."

"வழவழன்னு கீதும்மா. கால் வழுக்கும்."

"பரவாயில்லை."

பாய் ஒரு கணம் அத்தையைப் பார்த்தார். பிறகு புது ரப்பரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

எஞ்சின் பிடித்துக்கொண்ட அன்று காலை, ஓட்டப்போவது அத்தைதான் என்று தெரிந்ததும் அப்பா வாசலுக்கே வரவில்லை. கல்யாணமான புதிதில் ஆளில்லாத சாலைகளில் அத்திம்பேர் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கேட்டருகே அத்தையின் கால் மிதியிலிருந்து சறுக்கியது. கார் ஒரே துள்ளாகத் துள்ளி, தூணை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது நின்றது. என் நெற்றி முன்னால் மோதிப் புடைத்துக்கொண்டது.

அத்தை என் நெற்றியை வெகுநேரம் தேய்த்துவிட்டாள். எனக்கு அப்படியொன்றும் வலிக்கவில்லை. அவள் ஏன் அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை. பிறகு இறங்கி, "அந்தப் புதுசையே போட்டுடுங்கோ பாய்" என்றாள். அவர் கழற்றிக் கொடுத்ததை வாங்கி, குழிவில் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்றத் தேய்ந்த சாமான்களோடு போட்டாள்.

அன்றே அடையாறு பாலம் தாண்டித் திருவான்மியூர் வரை போனோம். அத்தை எங்கும் தடுமாறவில்லை. எனக்கு ஒரே பெருமை. கடற்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

"அத்தே, அத்திம்பேர் வந்தப்புறம் அவர்தான் ஓட்டுவாரா, இல்லை, நீயே ஓட்டுவியா?"

அத்தை சாலையைப் பார்த்தபடியே கியரை மாற்றினாள். எஞ்சின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் உரக்க ஒருமுறை கேட்டேன்.