ரிக்மோர் திரும்பிப் போன தொழுவம்

ரிக்மோர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விளிம்பில் தொற்றிக்கொள்வாள். ஒரு வாய் காபி குடிப்பாள், எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், திரும்ப வந்து அதையே மூடுவாள். எங்கள் ஊர் ஹூருப் பக்கம் மேற்குக் கடற்காற்று ஓய்வதே கிடையாது. அந்தக் காற்று இவளுக்குள்ளேயும் புகுந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

முன்பு அவள் ஒரு தொலைக்காட்சி ஆலையில் இருந்தாள். சோதனையில் தேறாத சர்க்யூட் அட்டைகளை அவள் மேசைக்கு அனுப்புவார்கள். ஆலையைக் கிழக்கு நாடு ஒன்றுக்குப் பெயர்த்துக்கொண்டு போனபிறகு, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பின்னால் இருந்த பழைய பன்றிக் கொட்டகையில் விளக்குப் போட்டு, செத்துப்போன கம்ப்யூட்டர், டிவி, டிராக்டரின் மின்பெட்டி என்று எதைக் கொண்டுவந்தாலும் பிரித்தாள். சிலது சரியாகும். சிலது பிடிகொடுக்காது. பிடிகொடுக்காததை மூலையில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஒருமுறை என் ரேடியோவும் அந்த மூலைக்குப் போய், பிறகு திரும்பி வரவே இல்லை.

ஊரில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'பாதி ரிக்மோர்'. காரணம் ரேடியோ அல்ல. அவள் ஒரு காலத்தில் அக்செலின் மனைவி. அக்செல் மாட்டுப் பண்ணைக்காரன். காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும், பண்டிகையானாலும் காய்ச்சலானாலும். ஒரு நாள் காலைக் கறவையின் நடுவிலேயே ரிக்மோர் தொழுவத்தை விட்டு வெளியே வந்து, மேலங்கியைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு, பேருந்து ஏறிப் போய்விட்டாள். கறவைக் குழாயை மாட்டின் மடியிலேயே விட்டுப் போனாள் என்று ஊர் சொல்லும். "அது பொய். கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன்" என்பாள் அவள். மற்றபடி மறுக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு அக்செல் டோர்த்தேயைக் கட்டிக்கொண்டான். நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவள். தானாகவே பால் கறக்கும் எந்திரம் ஒன்றும் வாங்கினான். மடி கனத்தால் மாடு தானே நடந்து வந்து கூண்டுக்குள் நிற்கும். எந்திரக் கை அடியில் நீண்டு காம்பைத் தேடிப் பிடிக்கும்.

அந்தப் பெரும்பனிக் குளிர்காலத்தில், வெள்ளி காலை, நான் ரிக்மோரின் அடுப்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பனி தள்ளும் கலப்பை பூட்டிய என் டிராக்டர் வாசலில் நின்றது. தொலைபேசி அடித்தது. அவள் அதை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். காதில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்க அவளால் ஆகாது.

"ரிக்மோர், நான் டோர்த்தே. அக்செலோட..."

"தெரியுது, சொல்லு."

"எந்திரம் நின்னுபோச்சு. அதை ஓட்டுற கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கு. கம்பெனி ஆளு பனியில மாட்டிக்கிட்டான், இன்னிக்கு வரவே முடியாதாம். ராத்திரியிலேருந்து ஒரு மாடும் கறக்கல. கத்துறது கேக்குதா?"

கேட்டது. தொலைபேசி வழியாகவே கேட்டது.

"நீ என்னைக் கூப்பிடுறது அக்செலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன பண்ணப்போறான்? தோள்பட்டை எலும்பு உடைஞ்சு கட்டுப்போட்டுக்கிட்டு நிக்கிறான்."

ரிக்மோர் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "காபியை வெச்சிட்டு எழுந்திரு தோர்கில்."

வழியெல்லாம் அவள் வண்டிக்குள் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே வந்தாள். காலடியில் ஒரு பெட்டி: ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் கோல், மீட்டர், உதிரிகள் நிறைந்த டப்பாக்கள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!"

"பனியைத் தள்ளிக்கிட்டுத்தான் போக முடியும். பறக்கணும்னா வாத்து மேல ஏறிப் போ."

பண்ணை வாசலில் அக்செல் நின்றான். ஒரு கை கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில்.

"நீயா?"

"பாதிரியாரை எதிர்பார்த்தியா? வழிய விடு."

தொழுவத்தில் மாடுகள் கூண்டு வாயில் முட்டிக்கொண்டு நின்றன. மடிகள் கல்லாக இறுகிப் பளபளத்தன. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது. பக்கத்துச் சின்ன அறையில் இருந்த கம்ப்யூட்டரை ரிக்மோர் திறந்தாள். உள்ளே தவிட்டுத் தூசியும் அம்மோனியா வாடையும். பொத்தானை அழுத்தினாள். விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். அதே துடிப்பு, அதே சாவு.

"புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா ஆகாதா?" என்றான் அக்செல். "கடை திறந்ததும் நான்..."

"எந்திரத்தோட பேசுற அட்டை இதோ, இது. இது நுழையிற பொந்து இப்ப வர்ற போர்டுல கிடையாது. தவிர, எந்தக் கடைக்கு எந்த ரோட்டுல போவ?"

மதர்போர்டைக் கழற்றி வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். ப்ராசஸரைச் சுற்றி வரிசையாக நின்ற, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர்கள் எனக்கே கண்ணில் பட்டன. சிறு தகர டப்பாக்கள் மாதிரி இருக்கும் அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இவை கெட்டுப்போன மீன் டின் போல உப்பியிருந்தன. சிலவற்றின் உச்சி வெடித்துப் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

"பாத்தியா, செத்தது இதுங்கதான்" என்றாள் ரிக்மோர். குரலில் தெம்பு வந்துவிட்டது.

அந்தத் தெம்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. போர்டுக்குள் அடுக்கடுக்காகச் செம்பு இருக்கிறது. கோலின் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும், ஈயம் உருகாது. பலவந்தமாகப் பிடுங்கினால் துளைக்குள் இருக்கும் செம்பும் சேர்ந்து வந்துவிடும். ப்ராசஸரைக் கழற்றி வைத்தாள். விறகடுப்பின் மேல்தகட்டில் ஒரு பழைய துணியை மடித்து, போர்டை அதன்மேல் வைத்துச் சூடேற்றினாள். பிறகு கோலை வைத்தால் ஈயம் இளகியது. ஒவ்வொன்றாக அசைத்து அசைத்து எடுத்தாள். அடைந்த துளையைத் தைக்கிற ஊசியால் திறந்தாள். அதே அளவுள்ள புதியவற்றை, கோடு போட்ட பக்கம் மாறாமல் பார்த்து நட்டாள். பின்னால் அக்செல் தொழுவத்துக்கும் சமையலறைக்கும் அலைந்துகொண்டே இருந்தான்.

"ஆச்சா?"

"இன்னொரு தடவை கேட்டா உன் நாக்கை ஈயம் வெச்சு ஒட்டிடுவேன்."

சின்ன அறைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். விசிறி துடித்தது. நின்றது.

மாடுகள் கத்தின. அக்செல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றான். இளக்காரமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னான். ஆனால் ரிக்மோரின் முகம் சிவந்தது. மீட்டரை மேசையில் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தின் நடுவில் நின்றாள். கை எங்கே இருக்க வேண்டும் என்று அதற்கே தெரியாததுபோல் பையில் போட்டாள், எடுத்தாள்.

"வண்டிய எடு தோர்கில்."

"பெட்டி உள்ள இருக்கே?"

"இருக்கட்டும். எடுன்னு சொல்றேன்ல."

நான் சாவியை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளோடு வாதாடி ஜெயித்தவன் கிடையாது. அப்போதுதான் தொழுவத்துக்குள்ளிருந்து வாளி உருளும் சத்தமும் டோர்த்தேயின் கூச்சலும் கேட்டன. எட்டிப் பார்த்தோம். டோர்த்தே ஒரு மாட்டைக் கம்பத்தில் கட்டி, கையால் கறக்கப் பார்த்திருக்கிறாள். அது உதைத்து, அவள் சாணியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, மணியா அடிக்கிற, இழுத்து இழுத்து?" என்றாள் ரிக்மோர். "நகரு."

கவிழ்ந்த வாளியை நிமிர்த்திப் பக்கத்தில் குந்தினாள். நெற்றியை மாட்டின் விலாவில் அழுத்தினாள். முதலில் வெந்நீர்த் துணியால் மடியை மெல்லத் தடவினாள்; பிறகு கறந்தாள். மாடு ஒருமுறை காலைத் தூக்கியது. "சும்மா இரு கழுதை" என்று அதட்டினாள். பால் வாளியில் சீறியது. மாட்டின் கண் மெல்லச் சொருகியது. டோர்த்தே உடையைக்கூடத் துடைக்காமல் பக்கத்தில் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறந்துகொண்டே ரிக்மோர் பேசினாள். "விசிறி துடிக்குது. அப்ப கரண்ட் வருது. வந்த உடனே பயந்து நின்னுக்குது. எங்கயோ தடுப்பே இல்லாம நேரா எர்த்துக்கு ஓடுது." கை நிற்கவில்லை. "கப்பாசிட்டர் செத்தப்ப இன்னொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. டோர்த்தே, கன்னுக்குட்டிக்கு ஊசி போடுறப்ப துடைக்கிற சாராயம் இருக்கா?"

"அலமாரில இருக்கு."

"எடுத்துட்டு வா. நீ சாவியை உள்ள போடு தோர்கில், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

ப்ராசஸருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னக் கறுப்புச் சில்லுகள் போர்டில் வரிசையாக உண்டு, மாஸ்பெட் என்பார்கள். போர்டை மறுபடி சமையலறைக்குக் கொண்டுவந்து, ப்ராசஸர் இல்லாமல் மீட்டரை வைத்தாள். விடாமல் பீப் அடித்தது. அப்படியென்றால் அந்த வரிசையில் ஒன்று உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது என்று மீட்டருக்குத் தெரியாது, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. அவள் எல்லாவற்றின் மேலும் சாராயத்தைத் தடவி, தன் பெட்டியிலிருந்த சிறு கருவியால் சன்னமாக மின்சாரம் செலுத்தினாள். எங்கே மின்சாரம் ஓடுகிறதோ அது சூடாகும். சூடான இடத்தில் சாராயம் முதலில் காயும். நாங்கள் எல்லோரும் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். ஓரத்தில் இருந்த ஒன்றின்மேல் ஈரம் சட்டென்று சுருங்கி மறைந்தது.

"சனியனே, நீயா?" என்றாள்.

ஆனால் அதற்கு மாற்று அவள் டப்பாக்களில் இல்லை. கொட்டிக் கவிழ்த்துத் தேடினாள். "மூலையில போட்டேனே, நூறு போர்டு, அதுல ஒண்ணைக் கொண்டாந்திருந்தா..." எழுந்தாள், உட்கார்ந்தாள். டோர்த்தே முன்னறைக்குப் போய்த் தன்னுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"இதுல இருக்குமா?"

அக்செல் பதறினான். "நல்லா ஓடிக்கிட்டிருக்குது அது! உன் அக்கா பிள்ளைங்க படமெல்லாம்..."

"படம் இருக்கிற இடம் வேற. அதைத் தொட மாட்டேன்" என்றாள் ரிக்மோர். பிறகு டோர்த்தேயைப் பார்த்தாள். "ஆனா இந்த போர்டு ஓடாது. சொல்லிட்டேன்."

"அது இல்லாம நான் என்ன, மடி வெடிச்சு சாகவா போறேன்? பிடுங்கு."

பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் படித்தாள். அதே எண் அல்ல. ஆனால் தாங்கும் மின்சாரமும் கால்களின் அமைப்பும் ஒத்துப்போயின. "அண்ணன் தம்பி மாதிரி. ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குச் சேரும்." அக்செல் பெயின்ட் உரிக்கும் வெப்பத் துப்பாக்கியை ஒரு கையால் தேடி எடுத்து வந்தான். இரண்டு போர்டிலும் சுற்றிலும் அலுமினியத் தாளால் மூடி, அந்த ஒரு சில்லை மட்டும் சூடுபடுத்தி எடுத்தாள். செத்த சில்லின் இடத்தைத் துடைத்து, டோர்த்தேயின் சில்லை அங்கே வைத்து, மூச்சை அடக்கி ஈயம் வைத்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் உடம்பில் எதுவுமே அசையவில்லை. மீட்டர் பீப் அடிக்கவில்லை.

ப்ராசஸரை மாட்டி, சின்ன அறைக்குக் கொண்டுபோய் அழுத்தினாள். விசிறி துடித்தது. சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. திரையில் எழுத்து வந்தது. அக்செல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் மாடு கூண்டுக்குள் போனது. எந்திரக் கை அசையவில்லை. வாயில் திறந்து, மாட்டை அப்படியே வெளியே அனுப்பியது. இரண்டாவதையும் அப்படியே.

"என்னடா கொடுமை இது!" ரிக்மோர் திரையைத் தட்டினாள்.

டோர்த்தேதான் கவனித்தாள். "தேதியைப் பாரு. எட்டு வருஷம் பின்னாடி காட்டுது. இது கணக்குப்படி எந்த மாட்டுக்கும் இன்னும் கறவை நேரமே வரல."

போர்டின் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரியும் செத்திருந்தது. ரிக்மோர் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் தீவன மூட்டைமேல் சரிந்து சிரித்தாள். டோர்த்தே சமையலறைத் தராசிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தாள். தேதியைத் திருத்தினார்கள். மூன்றாவது மாடு உள்ளே போனது. கை அடியில் நீண்டு, தடவித் தேடி, கவ்வியது. கண்ணாடிக் குழாயில் பால் வெள்ளையாகப் பாய்ந்ததைப் பார்த்து அக்செல் அழுதான். எனக்கு அது கூச்சமாக இருந்தது. வெளியே போய் முற்றத்துப் பனியைத் தள்ளினேன்.

சாப்பாட்டுக்கு வறுத்த பன்றிக்கறியும் பார்ஸ்லித் தழை போட்ட வெள்ளைக் குழம்பும் போட்டார்கள். ரிக்மோர் நின்றுகொண்டே தின்றாள். அக்செல் ஒரே ஒரு தடவை பேசினான்: "அன்னிக்கு நீ ஏன் போனேன்னு நான் கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடு."

எல்லாம் நலமாக முடியவில்லை. இரண்டு மாடுகளுக்கு மடிவீக்கம் கண்டது. ஒன்றை வசந்தத்துக்குள் விற்க வேண்டியதாயிற்று. கம்பெனி ஆள் வந்தபோது ரிக்மோர் நட்ட கப்பாசிட்டர்களைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு கோணலா இருக்கு' என்று மட்டும் சொன்னானாம். டோர்த்தேயின் கம்ப்யூட்டருக்கு ரிக்மோர் வேறு போர்டு தேடி மாட்டிக் கொடுத்தாள். அதற்கு இலையுதிர் காலம் வரை ஆனது.

ஆனால் அந்தப் பனிக்குப் பிறகு அவளுக்குப் பண்ணைகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. அதே வயதுள்ள எந்திரங்கள், அதே உப்பிய கப்பாசிட்டர்கள், எங்கும் இருந்தன. ஒரு பழைய வேன் வாங்கினாள். பன்றிக் கொட்டகையில் அவளை அடைத்து வைத்திருந்ததுதான் தப்போ என்னவோ; இப்போது ஒரு நாள் மோர்ஸ் தீவில் இருப்பாள், மறுநாள் தெற்கே எங்கேயோ. சரியாகாத போர்டுகளும் உண்டு. அவற்றையும் வேனிலேயே போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். வேலி தாண்டி வந்து பேசும் நேரம் குறைந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

போன வாரம் டோர்த்தே என்னைக் கூப்பிட்டாள். "ரிக்மோர் எங்கப்பா? ஞாயித்துக்கிழமை கேக் சாப்பிட வரேன்னு சொன்னாளே."

"நார்வேக்குப் படகு ஏறிட்டா. மீன் பண்ணையில தீவனம் போடுற கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்."

"சொல்லாமயா?"

"சொல்லாமதான்."

டோர்த்தே பெருமூச்சு விட்டாள். "சரி, கேக்கை நீ வந்து தின்னுட்டுப் போ" என்றாள். போய்த் தின்றுவிட்டு வந்தேன்.