வேலி தாண்டி வந்த மூங்கில்

ஜெர்மனியின் எசன் ரயில் நிலையத்தில் என் ரயில் இன்னும் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். எதிர் நடைமேடையில் படுத்திருக்கும் நாயை வரையலாம் என்றால் பேனா மக்கர் செய்கிறது. "சனியனே" என்று உதறுகிறேன்.

தமிழ் காதில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெண், என் வயதுதான், சீவிய மூங்கில் பேனாவையும் மைப்புட்டியையும் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார்.

"இதால கீறிப் பாருங்கோ."

"இந்த ஊர்ல மூங்கில் ஏதுங்க?"

"பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் நட்டவர். வேலிக்குக் கீழால எங்கட வளவுக்க வந்திட்டுது. வெட்டிப்போட்டு எறிய மனம் வரேல்லை."

பாதிக் கோட்டிலேயே மை தீர்கிறது. குறை சொல்கிறேன்.

"ஓம், தீரும். திரும்பத் தோய்க்கேக்க நாயை இன்னொருக்காப் பாருங்கோ."

பார்க்கிறேன். அதன் ஒரு காது மட்டும் விறைத்திருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். மை வற்றிய கோடு தானாகவே முதுகு மயிராகிறது. அழுத்தினால் தடிக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது. வருடக்கணக்காக ஒரே தடிமனில் கோடு போட்ட கைக்கு இது விருந்து.

ரயில் வந்துவிடுகிறது. பேனாவைத் திருப்பி நீட்டுகிறேன்.

"நீங்களே வைச்சிருங்கோ. வேலியில இன்னும் கிடக்கு."

மை காயாததால் நோட்டை மூட முடியாது. ஆரத்தித் தட்டுபோல் இரு கையிலும் ஏந்தி ஏறுகிறேன். வாசலில் நிற்பவர்கள் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். ரயில் நகரும்போது அந்தப் பெண் நடைமேடையிலிருந்து கையசைக்கிறார். நன்றி சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. அசைக்க எனக்குக் கை இல்லை. படத்தை அவருக்குத் தெரியும்படி ஜன்னல் கண்ணாடியோரம் நிமிர்த்திப் பிடிக்கிறேன். ஈர மை வழிந்து நாயின் வால் நீள்கிறது. நன்றி சொல்லும் வேலையை அதனிடமே விட்டுவிடுகிறேன்.