நான் எடுக்காத படம்

அந்த ஆண்டுகளில் திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் எனக்கு வேலை. பனியன் மேல் அச்சாகும் படங்களைக் கணினியில் தயார் செய்வது. ஒரு படத்தில் ஆறு நிறம் இருந்தால் அதை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணாடி மாதிரியான தாளில் கறுப்பாக அச்செடுக்க வேண்டும். அந்தத் தாளுக்கு எங்கள் தொழிலில் பிலிம் என்று பெயர். பிலிமை வைத்துத்தான் ஸ்கிரீன் போடுவார்கள், ஸ்கிரீன் வழியாகத்தான் துணியில் மை இறங்கும்.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். அப்பா இறந்த பிறகு தெற்கே உடன்குடிப் பக்கமிருந்து நாங்கள் இரண்டு பேரும் திருப்பூர் வந்து சேர்ந்திருந்தோம். வீட்டில் எங்களுக்குள் பேச்சு குறைவு. "இன்னைக்கு லேட்டாவும்மா, பிலிம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவள் "சரிய்யா" என்பாள். அதற்கு மேல் நான் விளக்கியதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

பட்டறைக்குப் போகிற வழியில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஐந்தாறு டிவிப் பெட்டிகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாப் பெட்டியிலும் ஒரே சண்டை விளையாட்டுதான் ஓடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் எப்போதும் நீலச் சடைக்காரி என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தியைத்தான் எடுப்பேன். முதுகு காட்டித் திரும்பி, சடையைச் சுழற்றி, அந்தச் சுழலிலேயே ஓர் உதை விடுவாள். பட்டனை அழுத்தும் நேரம் ஒரு மயிரிழை தப்பினாலும் உதை வராது. எனக்கு வரும். பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைகள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மீசை முளைத்து வேலைக்கும் வந்தாயிற்று. பட்டறை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசல் பக்கம் முதுகைக் காட்டியே உட்காருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. அதே விளையாட்டை வெளிநாட்டில் சினிமாவாக எடுக்கிறார்கள். அந்த சினிமாவுக்காகச் சின்னப் பிள்ளைகள் பனியன். படங்கள் ஒரு சிடியில் வந்திருந்தன. முதலாளி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, இதென்ன சண்டைப் படமுங்களா?"

"ஆமாங்கண்ணா. கேம்ல வர்ற கதைங்க. இப்ப ஆளுகள வெச்சு எடுக்கறாங்க."

"நல்லா ஓடுமுங்களா?"

"ஓடுங்கண்ணா. இந்த கேம் ஆடாத ஊரே இல்லீங்க."

சொல்லும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே போனார். சிடியைத் திறந்து பார்த்தேன். நீலச் சடைக்காரியாக நின்ற நடிகையின் தலையில் ஒட்டவைத்த முடி. விளையாட்டில் வரும் மல்லனின் மார்புக் கவசம் பிளாஸ்டிக் குடத்தை வெட்டிச் செய்தது மாதிரி இருந்தது. பொருட்காட்சி வாசலில் வேஷம் கட்டி நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றிருந்தார்கள். திரையில் அசையும்போது சரியாகிவிடும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டு வேலையில் இறங்கினேன். அந்த நடிகையின் முகத்தை நிறம் பிரிப்பதற்கே பெரும்பாடு பட்டேன்.

அந்தப் பனியன்கள் தைக்கப் போனது அம்மாவின் கம்பெனிக்கு. ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"எய்யா, சண்டைக்காரிப் படம் போட்ட பனியன் எங்க மேசைக்கு வந்திச்சு. அது ஒங்க படமா?"

"ஆமா, எங்க படந்தான்."

"தேட்டர்லயும் வருதாமே?"

"வரும்."

"தமிழ்லயா?"

"தமிழ்லயும் பேசி விடுவாங்க."

"நீயா எடுத்த?"

"பின்ன யாரு? ஒக்காந்து ஒக்காந்து முதுகு ஒடிஞ்சி போச்சி. பூராம் நான் எடுத்த பிலிம்தான்."

அம்மா சட்டியில் கிடந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சில மாதம் கழித்துப் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் சுவரொட்டி ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். தனக்கு மட்டுமல்ல, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கே. ஐயரம்மாவும் வருகிறார்களாம். போதகரின் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"ஐயரம்மா சினிமாவுக்கா?"

"ஒனக்காவத்தான்லே. சபைப் பிள்ள செஞ்ச காரியம், ஒரு தடவ ஆசீர்வதிச்சிட்டு வருவோம்னு அவியளே சொல்லிட்டாவ."

ஒரு பனியன் படத்துக்காக ஐயரம்மா தியேட்டர் வரை வருவாரா என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

தியேட்டரில் எங்கள் வரிசை முழுக்க வெள்ளைச் சேலையும் வெளிர்ச் சேலையுமாக நிறைந்தது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் வேதாகமம். முன் வரிசைகளில் கேம் கடைப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் "அண்ணா! அண்ணோவ்!" என்று கூச்சல் போட்டார்கள். அம்மா பெருமையோடு பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணையும் முன்பு ஐயரம்மா என் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் ஜெபித்தார். எங்களுக்குப் பின்னால் முறுக்கு தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

படம் குளியல் அறையில் தொடங்கியது.

நீலச் சடைக்காரி தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். அவளைச் சுற்றி ஒரு துண்டு. அதுவும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாத துண்டு. முன் வரிசையில் விசில் பறந்தது. ஜன்னலை உடைத்து உள்ளே குதித்த நாலு பேரை அவள் அந்தத் துண்டோடே அடித்தாள். கேமரா அவள் கையையும் காலையும் காட்டவில்லை. வேறு எதையெதையோ காட்டியது. வில்லன் மெட்ராஸ் பாஷையில் திட்டினான். அடுத்த காட்சி கடற்கரை. அங்கே துண்டும் இல்லை.

நான் நாற்காலியில் இறங்கி இறங்கி உட்கார்ந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஐயரம்மா மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒருவர் முந்தானையால் வாயை மூடியிருந்தார். அம்மா மட்டும் இமைக்காமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

இதில் என் வெட்கம் சபைக்காரர்கள் முன்னால் பட்ட வெட்கம் மட்டுமாகவும் இல்லை. அந்தச் சுழல் உதைக்காகக் கேம் கடைப் பிள்ளைகள் மொத்தப் பேரும் காத்திருந்தார்கள். வந்தது. நடிகையின் இடுப்பில் கட்டிய கயிறு தெரிந்தது. சடை சுழலவில்லை, ஒட்டவைத்தது எப்படிச் சுழலும்? "அண்ணா, இதுக்கு நீயே பரவால்லண்ணா!" என்று ஒருவன் கத்தினான். தியேட்டரே சிரித்தது. இத்தனை காலம் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நான் ஆசைப்பட்டது இதைத்தானா என்று இருந்தது.

இடைவேளை. விளக்குப் போட்டதும் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறு பள்ளி டீச்சர் எனக்கு அடுத்த நாற்காலி. மெதுவாகச் சாய்ந்து கேட்டார்.

"தம்பி, தப்பா நெனச்சிக்கிடாத. அந்தக் குளிக்கிற எடமும் நீ எடுத்ததுதானா?"

"எது டீச்சர்?"

"இல்ல, ஒங்கம்மா சொன்னா. நீதான் இந்தப் படத்த எடுத்ததுன்னு. பிலிம் பூராம் நீ எடுத்ததுன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மீன் துண்டு, டிக்கெட், ஜெபம் எல்லாம். பதறிப்போய்ச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"ஐயோ, நான் சினிமா எடுக்கல டீச்சர். பனியன்ல அச்சடிக்கிற படம். அதுக்குத்தான் பிலிம்னு பேரு. இந்தச் சினிமாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

வரிசை முழுக்கக் கேட்டது. கடைசியில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். பொங்கி வந்த சிரிப்பு, அவரால் அடக்க முடியவில்லை. ஒருவர் சிரித்ததும் இன்னும் இரண்டு பேர். என் மேல் விழுந்த பழி போயிற்று என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுந்து, எல்லார் முழங்காலையும் தாண்டி, ஐயரம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் தப்பா வெளங்கிட்டேன் ஐயரம்மா. மன்னிச்சிக்கிடுங்க. சின்னப்பிள்ளையிலருந்தே படம் போடுவான். அதனால நெனச்சிட்டேன்."

ஐயரம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "படம்னா படந்தானே. இதுல என்ன தப்பு? இரி, மிச்சத்தயும் பாத்துட்டுப் போவோம். டிக்கெட் எடுத்த பிள்ள மனசு சங்கடப்படும்."

எழுந்து போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் எனக்காக உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் பாதி யாருக்கும் புரியவில்லை. விளையாட்டில் யார் யாருக்கு என்ன உறவு, எதற்குப் பகை என்பதெல்லாம் ஆடியவனுக்குத்தான் தெரியும். சினிமாக்காரர்கள் அதைச் சொல்லவே மெனக்கெடவில்லை. "இவன் யாரு தம்பி, நல்லவனா கெட்டவனா?" என்று டீச்சர் கேட்டார். "இவ அவனுக்குத் தங்கச்சி. சின்னதுல பிரிஞ்சிட்டாங்க" என்று கிசுகிசுத்தேன். அதை அவர் அடுத்தவருக்குச் சொன்னார், அவர் அதற்கடுத்தவருக்கு. என் குரல் வரிசையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. மலை உச்சிச் சண்டையில் தங்கச்சிக்காரி கீழே விழப் போனபோது ஐயரம்மாவே "ஆண்டவரே" என்றார். அம்மா மட்டும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் அம்மா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றும் மறுநாளும் வழக்கமான பேச்சுதான். சோறு போடவா, தண்ணி வந்திச்சா. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குத் தலைவலி என்று போகவில்லை. அதற்கடுத்த புதனும் போகவில்லை. ஆலயத்தில் ஆண்கள் பக்கத்தில் எனக்கு "டைரக்டர்" என்று பேர் விழுந்துவிட்டது. "டைரக்டர் வந்தாச்சா, பாட்டு ஆரம்பிக்கலாமா?" என்பார்கள். புண்படுத்த வேண்டும் என்று செய்ததல்ல, சிரிப்புக்குத்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் பெண்கள் பக்கத்தில் அம்மா பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வாள்.

சினிமா வெளிநாட்டிலும் படுத்துவிட்டது. மிச்ச ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் முன்னால் தலை குனிந்து நின்றேன்.

"உடுங் தம்பி. நீங்களா நடிச்சீங்க?" என்றார். அந்த நல்ல மனசும் என்னைக் குத்தத்தான் செய்தது.

ஒரு மாதம் போயிருக்கும். கரண்ட் இல்லையென்று அம்மாவின் கம்பெனியில் பாதி நாளோடு அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் பட்டறைக்கு வந்து நின்றாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. எங்கள் பக்கம் கரண்ட் இருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "வாங்கம்மா, உள்ள வாங்க. உக்காருங்க, டீ சாப்புடறீங்களா?" என்றார். அம்மா உட்காரவில்லை.

"ஒன் வேலயக் காட்டுலே" என்றாள் என்னிடம்.

அன்றைக்குக் கைக்குழந்தைப் பனியனுக்கு ஒரு வாத்துப் படத்தின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கணினியில் நிறம் பிரிப்பதைக் காட்டினேன். மஞ்சளுக்கு ஒரு பிலிம், மூக்குக்கு ஒன்று, கண்ணுக்கும் கோட்டுக்கும் ஒன்று. மூன்றையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களைச் சரிசெய்து பிடித்தாள். வாத்து வந்தது.

"இதான் பிலிமா?"

"இதாம்மா."

"இத அன்னைக்கே எனக்குச் சொல்லியிருந்தா, நான் இதயே எல்லார்ட்டயும் சொல்லியிருப்பேனேலே. இதுவும் நல்லாத்தானே இருக்கு."

தியேட்டரில் அத்தனை பேர் சிரித்தபோது வராத சூடு இப்போது காது வரைக்கும் ஏறியது. பிலிம்களை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போய், "கம்பெனியில மதியம் சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டாளாம்.

அந்த வாரம் புதன்கிழமை அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.