வலிக்காத கால்

தரையில் கிடந்த கறையை நான் முதலில் வெற்றிலைச் சாறு என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. "வெளிய துப்பிட்டு வரமாட்டியா, வூடெல்லாம் கலீஜ் பண்ணி வெச்சிக்கீற" என்று கத்திக்கொண்டே துடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. வாசற்படியிலிருந்து கட்டில் வரைக்கும், வலது கால் வைத்த இடத்தில் மட்டும்.

அவர் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து அப்போதுதான் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலைத் தூக்கச் சொன்னேன். உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு இரும்புத் துண்டு ஏறியிருந்தது. கண்டெய்னர் லாரிகளிலிருந்து எங்கள் சாலையில் நாளெல்லாம் உதிர்கிற சாமான்தான். அதைச் சுற்றி வெந்துபோன கொப்புளங்கள். "அடப்பாவி, இது வலிக்கலியா உனுக்கு?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்க்கிற மாதிரி, "இல்லியே" என்றார்.

ராயபுரத்தில் நாங்கள் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். வகுப்பில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ். கொஞ்சம் வாய்க்காரியும்கூட. என் கணவர் சூசை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பல வருடமாகச் சர்க்கரை. உங்கள் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் இருந்தால், அவர் பக்தியுள்ளவராகவும் இருந்துவிட்டால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் பல பேர் கறி மீன் தொடமாட்டார்கள், சவரம் செய்யமாட்டார்கள். இவர் செருப்பும் போடமாட்டார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கழற்றி வைத்தால் ஈஸ்டருக்குத்தான் காலில் ஏறும். மத்தியான வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது வெறுங்காலோடு சிலுவைப்பாதைக்குப் போவார். வேண்டாம் என்று நான் சண்டை போடாத வருடம் கிடையாது. "ஏசு சிலுவை தூக்கினு போறப்போ செருப்பா போட்டுகினு போனாரு?" என்பார். "அவருக்கு சுகர் இல்லய்யா" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஸ்டெல்லா, இந்த வாட்டி காலே சுடலம்மே. ரோட்ல நடக்கிற மாதிரியே இல்ல. அவரே என்னைத் தூக்கினு போறாரு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கோயிலில் இரண்டு மூன்று பேரிடமும்கூடச் சொல்லியிருக்கிறார். கேட்ட எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் வெறுங்காலோடு நடந்த மனுஷனுக்கு ஆண்டவர் ஒரு வழி காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் நைலான் நரம்பு மாதிரி ஒரு இழை. "நான் கால்ல தொடும்போது மட்டும் சொல்லுங்க" என்றார். குதிகாலில் தொட்டார், நடுப்பாதத்தில் தொட்டார், ஒவ்வொரு விரலிலும் அழுத்தினார். இவர் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் இழையை மேசையில் வைத்தார்.

இதற்குப் பெயர் நியூரோபதி (சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து, காலில் உணர்ச்சி செத்துப்போவது). "சூடு, ஆணி, முள்ளு எதுவும் தெரியாது ஐயா. கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்கினே வந்திருக்கும். இப்ப சுத்தமா போயிடுச்சு. செருப்பில்லாம நடந்தா நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்" என்றார் டாக்டர். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவர் முகம் அப்படியே இறங்கிவிட்டது. வெளியே நீளமான வராண்டா. வரிசையாகக் கட்டுப் போட்ட கால்கள். பாதி தூரம் வந்ததும் நின்றார்.

"அப்போ அது அவரு இல்லியா ஸ்டெல்லா?"

"வா, மாத்திரை வாங்கணும்" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டிபிரைட்மென்ட் (செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். புண் அடங்கவில்லை. தவக்காலம் பாதி தாண்டுவதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன. கேங்ரீன் (ரத்தம் போகாமல் சதை அழுகுவது) மேலே ஏறுகிறது, காலை விட்டால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார்கள். கையெழுத்து போட எனக்குக் கை வரவில்லை. காலடிப்பேட்டையிலிருந்து ஓடிவந்த என் மகள் ரீட்டாதான் போட்டாள். மறுநாளே வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கட்டைவிரல் வலிக்குது." அந்தக் கட்டைவிரல் இல்லை. ஃபேண்டம் வலி (எடுத்துவிட்ட உறுப்பில் வலி இருப்பதாக மூளைக்குத் தோன்றுவது) என்றார் நர்ஸ். பொய் வலி இல்லை, நிஜமாகவே வலிக்கும். "நிஜமா வலிக்குதா, சும்மா சொல்றியா" என்று நோயாளியிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இருந்தப்போ வலிக்கல, இப்ப இல்லாதப்போ வலிக்குது. நல்லா வெளாடறாரு உங்க ஆண்டவரு" என்றார். 'உங்க' ஆண்டவர். கால் போனதைவிட எனக்கு அதுதான் பகீரென்றது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார். மிச்சக் காலைத் தினமும் கழுவித் துடைத்து, இறுக்கிக் கட்டுப் போட வேண்டும். அப்போதுதான் செயற்கைக் கால் பொருத்த முடியும். அதைவிட முக்கியம் இடது பாதம். அதிலும் உணர்ச்சி கிடையாது. தினமும் கீழே கண்ணாடி வைத்து அவரே பார்க்க வேண்டும், கையால் தடவிப் பார்க்க வேண்டும். "பாக்கலன்னா அதுவும் போயிடும்மா."

அவர் பார்க்க மாட்டேன் என்றார். நான் கட்டைப் பிரித்தால் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். கெஞ்சினேன், திட்டினேன். "உன் காலுய்யா அது, நான் எத்தினி நாளிக்குப் பாப்பேன்" என்று அழுதேன். துண்டை அவர் விலக்கவே மாட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு தெருவெல்லாம் வெடிச் சத்தம். எங்கள் கோயில் பங்குச் சாமியார் நோயாளிகளுக்கு நன்மை (இயேசுவின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பம்) கொடுக்க வீடு வீடாக வந்தார். நான் தலையில் முக்காடு போட்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணாம் சாமி. கிருபைன்னு நெனச்சேன். வெறும் சக்கரை. ஊர்ல எல்லார்கிட்டயும் வேற சொல்லிகினு திரிஞ்சேன்."

சாமியார் ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "கோவமா இருந்தா இருங்க. நான் அடுத்த ஞாயிறும் வருவேன்" என்று எழுந்து போனார்.

சொன்னபடி வந்தார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எப்போதும் தோமையார் வாசகம்தான். உயிர்த்த இயேசுவைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா அடம்பிடிப்பதும், அவர் வந்து ஆணி அடித்த கையை நீட்டுவதும். நூறு தடவை கேட்ட கதை. சாமியார் எனக்காக வாசித்தார். முடித்துப் புத்தகத்தை மூடும்போது சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். செத்து எழுந்து வந்தாரே. ஒடம்பே புதுசாத்தானே வந்திருக்கும்? அந்த ஓட்டைய மட்டும் ஏன் மூடல?"

"தெரியல சூசை. மூடணும்னா மூடியிருக்கலாம். மூடல."

"மறைக்கவும் இல்ல."

"இல்ல. தொட்டுப் பாருன்னு அவரேதான் கைய நீட்றாரு."

அவ்வளவுதான் பேச்சு. அன்றும் அவர் நன்மை வாங்கவில்லை. சாயங்காலம் நான் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டைப் பிரித்தேன். துண்டு தலையணைப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் எடுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். அப்புறம் கையை மெல்லக் கொண்டுவந்து, தையல் போட்ட அந்த முனையில் வைத்தார். "இம்மாந்தானா மே" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அப்படி அழப் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து அழுதேன். அழுது முடித்தவர், "அந்தக் கண்ணாடிய எடு. இந்தக் காலையும் பாப்போம்" என்றார்.

அதிலிருந்து சாயங்காலம் என்றால் கால் பார்க்கிற நேரம். விரலிடுக்கில் துடைப்பது, தடவிப் பார்ப்பது, சின்னச் சிவப்பு தெரிந்தாலும் என்னைக் கூப்பிடுவது. வெந்நீரைக் காலால் சோதிக்கக் கூடாது, முழங்கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்து போனார். நன்மை வாங்கினார். அடுத்த தவக்காலத்தில் வெறுங்காலோடு வந்த ஒருவரை வழிமறித்து, "ஏம்பா, சுகர் கீதா உனுக்கு? போய் செருப்பு போடு. ஏசு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்று விரட்டினாராம். கேட்டு நான் சிரித்தேன். இடது கால் கடைசிவரை முழுசாக இருந்தது.

அவருடைய கடைசி நாளும் அதே தவக்காலத்தில்தான் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பும் வலிக்காமல் வரலாம் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். ஒரு வியர்வை, ஒரு களைப்பு, அவ்வளவுதானாம். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறையும் உடம்பு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை பேன்ட் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். சவப்பெட்டி விற்கிறவர் வெள்ளைக் கையுறையும் சாக்ஸும் கொண்டுவந்திருந்தார். வலது பேன்ட் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கவலப்படாதீங்க அக்கா. சாக்ஸ்ல பஞ்சு வெச்சு உள்ள கட்டிடறேன். பாக்கறவங்களுக்கு ரெண்டு காலும் கீற மாதிரியே தெரியும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ரீட்டாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, அப்பாவ முழுசா அனுப்பலாம்மா" என்று தேம்பினாள்.

"வேணாம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பஞ்செல்லாம் வேணாம். பேன்ட்டை மடிச்சு விடுங்க, கால் எது வரைக்கும் கீதோ அது வரைக்கும் தெரியட்டும். கடைசி நாள்ல இவரு உயிரோட எழுந்து வர்றப்போ எனுக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

சவப்பெட்டிக்காரர் பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டார். ரீட்டாதான் குனிந்து அப்பாவின் பேன்ட்டை மடித்துவிட்டாள்.

அந்த ஈஸ்டருக்கும் தெருவில் வெடி வெடித்தார்கள். கோயிலில் அல்லேலூயா பாடும்போது என் உதடு மட்டும் அசைந்தது. நாள் கிழமையெல்லாம் எனக்குக் கலைந்துவிட்டது. காலை எப்போது போகிறது, மத்தியானம் எப்போது வருகிறது என்று தெரிவதில்லை. சாயங்காலம் மட்டும் தெரிகிறது. என் கை தானாக ஈரத்துணியைத் தேடுகிறது. அழுதுவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போடுகிறேன். காய்ந்தால் மடித்து வைக்கிறேன். அவர் எழுந்து வரும் நாளில் அவருடைய அந்தக் காலை நான் மறுபடியும் துடைப்பேன்.