மகளிடம் பேசாத கைகள்

அந்த வெல்டருக்கு மூக்கு நுனியில் கோபம். பட்டறையில் மற்றவர்கள் காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவனுக்கும் காது கேட்காது. அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். கிளம்பும்போது அவன் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து இறுக்கி, அவளைச் சுட்டிக் காட்டினான். வெல்டர் பார்த்துவிட்டார். தன் கண்ணெதிரிலேயே மகளைக் கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, சட்டையைப் பிடித்து அவனைத் தெருவில் தள்ளினார்.

மகள் செல்போனில் தட்டி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அதுக்கு 'உன்மேல பிரியமா இருக்கேன்'னு அர்த்தம். உங்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்துல நீங்க கையால எங்கிட்ட சொன்னது சாப்பிடு, வா, வேணாம், பேசாம இரு. அவ்வளவுதான்."

கடைசி வரியைப் படித்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியிடம் பாய்ந்தார். உனக்காவது அந்தச் சைகை தெரியுமா என்றார். அவளுக்கும் தெரியாது. கையை ஆட்டவிட்டால் பேச்சே வராது, தட்டி அடக்குங்கள் என்று மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள்.

"சொன்னது அவங்க. ஸ்கேலால அடிச்சது நான்தானே," என்றார்.

கற்றுக்கொடு என்று மகளிடம் ஜாடையால் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு நாள் அவர் இருந்த பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மருந்துக் கம்பெனி வாசலில் போய் நின்றார். அவரைக் கண்டதும் அந்தப் பையன் ஓரடி பின்னால் போனான். வெல்டர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். மன்னிப்பெல்லாம் அவருக்கு எழுத வரவில்லை. 'அதை எனக்குச் சொல்லிக் கொடு' என்று மட்டும் இருந்தது. அவன் நெடுநேரம் முறைத்தான். பிறகு அவர் கைகளைப் பிடித்து, வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாக, நெஞ்சோடு வளைத்து வைத்தான்.

அன்று மாலை மகள் முன்னால் நின்று செய்து காட்டினார். அவள் பார்த்துவிட்டுப் போனில் எழுதினாள்: "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டா திட்டுற மாதிரி இருக்கு. எங்க பேச்சுல பாதி முகத்துலதான்."

"என் மூஞ்சியே அப்படித்தான்," என்று கத்தினார், அவளுக்குக் கேட்காது என்பதையே மறந்து. அவள் உதட்டைப் படித்துவிட்டாள். சிரிக்கவில்லை. எழுந்து வந்து, இறுகியிருந்த அவர் விரல்களைத் தளர்த்தி, முழங்கையைக் கீழே இறக்கி, இன்னொரு தடவை என்று விரல் காட்டினாள்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதமாகிறது. அவள் இன்னும் பதிலுக்கு அந்தச் சைகையை அவருக்குச் செய்ததில்லை. அதில் வெல்டருக்குக் கோபம்தான். ஆனாலும் ஞாயிறு காலையில் சவரம் செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். பட்டறையில் என்ன வேலை, அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் கையால் தப்புத்தப்பாகச் சொல்கிறார். அவள் பொறுமையில்லாமல் திருத்துகிறாள்.